விமானப் பூச்சில் பிஎச்.டி.: விழுப்புரம், திண்டிவனம் பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட பதில்

விழுப்புரத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தாள். "அக்கா, ஏரோஸ்பேஸ் பாலிமர் கோட்டிங்குனு ஒரு பிஎச்.டி. நோட்டிபிகேஷன் பார்த்தேன். நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அதெல்லாம் ஏரோநாட்டிக்கல் படிச்சவங்களுக்குத்தானே? நாம அப்ளை பண்ணலாமா?" திண்டிவனம் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி வந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுகிறேன்.

பண்ணலாம். சொல்லப்போனால், கெமிஸ்ட்ரி படித்தவர்கள்தான் இதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். நான் ஆய்வு செய்ததும் பூச்சுகளில்தான், படித்ததும் நம்மூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல்தான். இந்தத் துறையில் ரெசினைச் சமைப்பவர், பூசுபவர், பூசியதைச் சோதிப்பவர், கெட்டுப்போனபின் காரணம் தேடுபவர் எல்லோருமே பெரும்பாலும் வேதியியல், பாலிமர், மெட்டீரியல்ஸ் படித்தவர்கள்.

விமானத்தின் மேல் இருப்பது வெறும் பெயின்ட் இல்லை. அலுமினிய உடலை முதலில் ரசாயனத்தில் நனைத்தோ ஆனோடைஸ் செய்தோ மெல்லிய ஒரு படலத்தை உண்டாக்குவார்கள். அதன்மேல் எப்பாக்சி பிரைமர், சுமார் 15 முதல் 25 மைக்ரான் கனம். அதற்கும் மேலே நாம் வெளியில் பார்க்கிற பாலியூரித்தேன் மேல்பூச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால்கூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். மீனம்பாக்கத்தில் மே மாத வெயிலில் நிற்கும்போது அந்தத் தகடு கை வைக்க முடியாமல் சுடும். மேலேறி அரை மணி நேரத்தில் வெளியே மைனஸ் 55 டிகிரி. அலுமினியம் சுருங்கும், பூச்சும் கூடவே சுருங்க வேண்டும், விரிசல் விடக்கூடாது. புற ஊதாக் கதிர் தாங்க வேண்டும். ஸ்கைட்ரால் என்கிற பாஸ்பேட் எஸ்டர் ஹைட்ராலிக் எண்ணெய் சிந்தினால் சாதாரண பெயின்ட் வழுவழுவென்று உரிந்து வந்துவிடும், இது உரியக்கூடாது. மேல்பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாம். உடலுக்கு உள்ளே, சட்டங்களுக்கும் ரிவெட்டுகளுக்கும் நடுவில் அடித்த பிரைமரை யாரும் தொடமுடியாது. விமானம் ஓய்வுபெறும்வரை, இருபத்தைந்து முப்பது வருடம், அதுவேதான் காவல்.

எதிரி யார் என்று கேட்டால் நம் மாவட்டத்திலேயே காட்டலாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போங்கள். ஊரைச் சுற்றி உப்பளம். அங்கே வண்டி வைத்திருப்பவர்களிடம் மட்கார்டின் ஓரத்தையும் போல்ட் தலையையும் காட்டச் சொல்லுங்கள். உப்புக்காற்று என்ன செய்யும் என்று அவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கிற கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்கள் கடல்மேலேயே பறந்து திரும்புகின்றன. அவற்றின் உடல்மேல் படிவதும் இதே உப்புதான்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானத்தின் முன்பகுதிக் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், இடுக்கில் ஈரமும் உப்பும் புகுந்து அரித்து, ரிவெட் துளைகளில் களைப்பு விரிசல்கள் ஓடியிருந்தன. தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள், எந்நேரமும் கடற்காற்று. அரிமானம் என்ற சொல்லை நான் பரீட்சைக்கு மட்டும் படிப்பதை நிறுத்தியது இந்த விபத்தின் அறிக்கையைப் படித்த பிறகுதான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். விமானத்தில் நிறையப் பயன்படுகிற 2024 என்ற அலுமினியக் கலவையில் சுமார் 4 சதவீதம் செம்பு இருக்கிறது. பலம் கொடுப்பது அந்தச் செம்புதான். வம்பும் அதுதான். உலோகத்துக்குள் செம்பு கூடிய நுண்துகள்கள் அங்கங்கே இருக்கும். உப்புநீர் பட்டதும் அந்தத் துகள் கேத்தோடு, பக்கத்து அலுமினியம் ஆனோடு. பிளஸ் டூவில் வரைந்த அதே மின்கலம், மைக்ரான் அளவில், தகடு முழுக்க. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் ஓரத்திலிருந்து அரிப்பு பெயின்டுக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்து நெளிந்து போகும்.

இதைப் பல பத்தாண்டுகளாகத் தடுத்துவந்தது குரோமேட். பிரைமருக்குள் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் நிறமியைக் கலந்துவிடுவார்கள். கீறல் வழியே ஈரம் வந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, திறந்து கிடக்கிற உலோகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே மூன்று மதிப்புக் குரோமியமாக மாறி ஒரு படலமாக உட்கார்ந்துகொள்ளும். அடிபட்ட இடத்தைப் பூச்சு தானே தேடிப்போய் மூடுகிறது. எவ்வளவு அழகான வேதியியல்! இத்தனை மலிவாக, இத்தனை நிச்சயமாக வேலை செய்யும் இன்னொரு பொருள் இன்றுவரை எளிதில் கிடைக்கவில்லை.

ஆனால் குரோமேட்டில் இருப்பது ஆறு மதிப்புக் குரோமியம், அது புற்றுநோய் உண்டாக்கும். விமானத்தைச் சுரண்டித் தேய்க்கிற தொழிலாளியின் மூச்சில் அது போகிறது. இதன் கெடுதலைத் தெரிந்துகொள்ள நாம் வெளிநாட்டு அறிக்கைகளைப் புரட்ட வேண்டாம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதை வட தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் தன் ரீச் சட்டத்தின்படி ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டுக்கு 2019 ஜனவரியைக் கெடுவாக வைத்தது. அதற்குப்பின் தனி அனுமதி வாங்கினால்தான் பயன்படுத்தலாம். விமானத் தொழில் அந்த அனுமதியைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் மாற்று முழுமையாகக் கைக்கு வரவில்லை. நீங்கள் பார்க்கிற பிஎச்.டி. விளம்பரங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கிற தேவை இதுதான்.

மாற்றுக்கு என்னென்ன முயற்சிகள்? அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலையில் கார்டன் பியர்வாகன் குழு, 2000களில், மக்னீசியத் தூளைப் பிரைமரில் நிறைத்துப் பார்த்தது. இரும்பைத் துத்தநாகம் காப்பதுபோல அலுமினியத்துக்காக மக்னீசியம் தன்னை இழக்கும். வேறு சிலர் லித்தியம் உப்பு. சிலர் களிமண் போன்ற அடுக்குகளுக்கு நடுவில் அரிப்புத் தடுப்பானை அடைத்துவைத்து, குளோரைடு வரும்போது மட்டும் வெளியே விடுகிறார்கள். 1980களிலேயே ஆஸ்திரேலியாவில் சீரியம் உப்புகள் அலுமினிய அரிப்பைத் தடுப்பதைக் காட்டினார்கள். சீரியம் எங்கே கிடைக்கும் தெரியுமா? மோனசைட்டில். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் அந்த மோனசைட் இருக்கிறது.

நம் ஊரிலும் ஒரு பொருள் இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை நாம் டி.எம்.வி. மணிலாக்கொட்டையால் அறிவோம். டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான். அதே நிலையம் ஆமணக்கிலும் டி.எம்.வி. 5, டி.எம்.வி. 6 என்று ரகங்களைக் கொடுத்திருக்கிறது. விளக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலியிக் அமிலம். அதன் 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொங்குகிறது. மற்ற சாதாரண எண்ணெய்களுக்கு அந்த வசதி இல்லை. அந்த ஹைட்ராக்சிலோடு ஐசோசயனேட்டைச் சேர்த்தால் பாலியூரித்தேன் தயார். இஸ்ரோ தன் ஆரம்ப காலத்தில் விளக்கெண்ணெய் வழியாகவே ஒரு பாலியாலை உருவாக்கி, இஸ்ரோபாலியால் என்று பெயர் வைத்து, திட எரிபொருளைப் பிணைக்கும் பிசினாகப் பயன்படுத்தியது.

இதைப் படித்ததும் "விளக்கெண்ணெயிலிருந்து விமானப் பெயின்ட்" என்று தலைப்பு எழுதிவிடாதீர்கள். விளக்கெண்ணெய்ப் பாலியூரித்தேன் வளைந்து கொடுக்கும், ஒட்டும், நீரைத் தள்ளும். ஆனால் நீண்ட கொழுப்புச் சங்கிலிகள் வலையில் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதால் படலம் மெத்தென்று இருக்கும், ஸ்கைட்ரால் முன் நிற்பது கஷ்டம். அங்கேதான் ஆய்வுக்கு வேலை. சிலாக்சேன் சேர்ப்பதா, எப்பாக்சியோடு பின்னுவதா, குறுக்குப் பிணைப்பை எங்கே கூட்டுவது? ஒரு நல்ல முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கார்பன் இழை விமானங்கள் வந்தபின் புதுத் தலைவலி ஒன்று சேர்ந்தது. கத்தார் ஏர்வேஸின் ஏர்பஸ் ஏ350 விமானங்களில் பெயின்ட் வெடித்து, அடியில் இடிதாங்கியாக வைத்த செம்பு வலை வெளியே தெரிய ஆரம்பித்தது. 2021இல் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன, வழக்கு லண்டன் நீதிமன்றம்வரை போய் 2023 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. கார்பன் கலவை, செம்பு, பெயின்ட் மூன்றும் சூட்டுக்கும் குளிருக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. இரண்டு பெரிய நிறுவனங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டது பூச்சு. இனி யாராவது "பெயின்ட்ல போயி பிஎச்.டி.யா?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

விண்வெளிக்குப் போனால் உப்பு இல்லை, அணு ஆக்சிஜன் இருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் அதில் மோதுகிறது. கேப்டான் போன்ற பாலிஇமைடு படலம்கூடத் தேய்ந்துகொண்டே போகும். சிலிக்கான் கலந்த பாலிமர் என்றால் அடி விழும்போதே மேலே சிலிகா படலம் உண்டாகி நின்றுவிடும். 2024 பிப்ரவரி 28இல் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது, சென்னையில் அக்னிகுல் போன்ற நிறுவனங்கள் வந்துவிட்டன. இந்தத் தேவை இங்கேயே வளரும்.

சரி, எங்கே சேர்வது?

காரைக்குடி என் மனதுக்கு நெருக்கமான இடம், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், எல்லோரும் செக்ரி என்போம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948இல் அடிக்கல், 1953 ஜனவரியில் திறப்பு. இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தவர்கள் அவர்கள்தான். மண்டபத்தில் கடலோரமாகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் காயப்போட்டுச் சோதிக்கும் நிலையம் அவர்களுக்கு உண்டு. பாலிஅனிலின் கலந்த பூச்சுகளில் அங்கே நிறைய வேலை நடந்திருக்கிறது. விமானத்துக்கே நேரடியாக வேண்டுமென்றால் பெங்களூர் தேசிய வான்வெளி ஆய்வகம், அதாவது என்.ஏ.எல். சென்னை அடையாற்றில் சி.எல்.ஆர்.ஐ. தோல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், அங்கே பாலிமர் பிரிவு பழைமையானது, பலமானது. இந்த மூன்றிலும் முனைவர் பட்டச் சேர்க்கை அக்சிர் என்ற சி.எஸ்.ஐ.ஆர். கல்விக்கழகம் வழியாக, வருடத்துக்கு இரண்டு முறை.

நமக்குக் கிட்டத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அரிமானப் பிரிவில் கற்றுக்கொள்ளும் முறைகள் விமானத்துக்கும் அப்படியே பொருந்தும். காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கு விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்த ஏரோநாட்டிக்கல் துறையும், ரப்பர் பிளாஸ்டிக் தொழில்நுட்பத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டு துறைக்கும் பொதுவாக ஒரு தலைப்பை எடுக்க அதைவிட நல்ல இடம் எது? விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலும் இருக்கிற பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலையின் உறுப்புக் கல்லூரிகள்தான் என்பதால், அங்கே பி.இ. முடித்தவர்கள் இந்த வழியை மறக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் விண்வெளிக்கென்றே ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாடு என்றால் நான் மூன்று பெயர் சொல்வேன்: பூச்சு ஆய்வுக்குப் பெயர்போன அந்த வடக்கு டகோட்டா, நெதர்லாந்தின் டெல்ஃப்ட், இங்கிலாந்தின் மான்செஸ்டர். அமெரிக்காவில் ராணுவப் பணத்தில் நடக்கும் சில ஆய்வுகளில் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்க்க முடியாது. விளம்பரத்தில் அந்த வரியை முதலில் தேடுங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க்குகள் நமக்கு நல்ல வாய்ப்பு. முந்தைய மூன்று வருடத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசிக்காதவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊரைவிட்டே போகாத நமக்கு அது சாதகம்தான். உதவித்தொகையாக இல்லாமல் சம்பளமாகவே தருகிறார்கள்.

வீட்டில் கேட்கப்போகிற கேள்வி பணம். "கல்யாண வயசுல இன்னும் அஞ்சு வருஷம் படிக்கப் போறியா, யாரு செலவு பண்றது?" என் அம்மாவும் கேட்டார். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் செலவு உங்களுடையது இல்லை. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, விடுதி இல்லையென்றால் வாடகைப்படியும் உண்டு. அதற்குச் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் கெமிக்கல் சயின்சஸ் எழுதுங்கள், வருடத்துக்கு இருமுறை வருகிறது. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000த்தில் தொடங்குகிறது, போட்டி கடுமை. கேட் தேர்வில் வேதியியல் தாள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், எக்ஸ்.இ. தாளுக்குள் பாலிமர் சயின்ஸ் என்று தனிப் பிரிவு இருக்கிறது, கணிதம் கொஞ்சம் கட்டாயம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிள்ளைகளுக்குத் தேசிய உதவித்தொகைகள் தனியாக உண்டு. ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும் புராஜெக்ட் அசோசியேட்டாக ஓர் ஆய்வகத்தில் நுழைந்து, அங்கிருந்தபடியே படித்து எழுதி ஜெயித்தவர்களை எனக்குத் தெரியும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். கல்லூரியின் பெயரைவிட எனக்கு முக்கியம், அந்த ஆய்வகத்தில் உப்புப் புகை அறை ஓடுகிறதா என்பது. 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைப் புகையாக அடித்துக்கொண்டே இருக்கும் பெட்டி அது. விமானப் பிரைமருக்கு 2,000 மணி நேரம் கேட்பார்கள், கிட்டத்தட்ட மூன்று மாதம் நிற்காமல் ஓட வேண்டும். மின்வேதி மின்மறுப்பு அளவி இருக்கிறதா? மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நூறு கோடி ஓம் காட்டுகிற பூச்சு நல்ல பூச்சு, பத்து லட்சத்துக்குக் கீழே போனால் அது காப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். ரெசினைச் செய்து அகச்சிவப்பு நிறமாலை எடுத்துக் கட்டுரை போட்டுவிட்டு, ஒரு தகட்டிலும் பூசிப் பார்க்காத ஆய்வுகள் நிறைய வருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால் பட்டம் வரும், பூச்சு தெரியாது. அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

ஆய்வில் சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நான் ஜூனியர்களை இதைச் செய்யச் சொல்கிறேன். அலுமினியத் தகடு வாங்கி உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, தண்ணீரில் முக்கி நிமிர்த்துங்கள். நீர் ஒரே படலமாக அப்படியே நின்றால் தகடு சுத்தம். எங்காவது விலகித் துளித்துளியாகச் சேர்ந்தால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். நூறு கோடி ரூபாய் விமானத்திலும் பெயின்ட் அடிக்கும் முன் இதைத்தான் பார்க்கிறார்கள். சில தகடுகளுக்குக் கடையில் கிடைக்கும் எப்பாக்சி பிரைமர், சிலவற்றுக்கு அதோடு பாலியூரித்தேன். காய்ந்ததும் ஒன்றை எடுத்து, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில், உலோகம் தெரிகிறவரை. டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரியுங்கள். ஒரு கட்டமும் பெயர்ந்து வராவிட்டால் 5பி, பெருமளவு பெயர்ந்தால் 0பி. மீதித் தகடுகளில் எக்ஸ் குறியாகக் கீறல் போட்டு, பாதியை மரக்காணத்தில் தெரிந்தவர் வீட்டு மாடியிலும் பாதியை விழுப்புரத்தில் உங்கள் மாடியிலும் சாய்த்து வைத்து, வாராவாரம் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

நேர்காணலில் இந்தப் போட்டோக்களைக் காட்டினால் குழு நிமிர்ந்து உட்காரும். அடுத்து அவர்கள் கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன்: கீறலை எதால் போட்டீர்கள், எவ்வளவு ஆழம், எல்லாத் தகட்டிலும் ஒரே அழுத்தம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், ஒவ்வொரு வகையிலும் எத்தனை தகடு வைத்தீர்கள்? இதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். கெமிஸ்ட்ரியா ஏரோநாட்டிக்கலா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.